திருச்சி: மொசைக்கை எடுத்துட்டு டைல்ஸ் போட 2.47 லட்சம் கொட்டேஷன், நியாயமான விலைதானா?

உறையூர்வாசி:
தரைத்தள வீடு, பில்டப் 1,180 சதுர அடி. இப்ப இருக்கிறது மொசைக். அதை உடைச்சு எடுத்துட்டு 2×4 அடி ஜிவிடி (மேல்பூச்சுள்ள விட்ரிஃபைட் டைல்ஸ்), மேட் ஃபினிஷ் போடணும். பாத்ரூம், சிட்-அவுட் இதில் சேராது. கான்ட்ராக்டர் கொடுத்ததை அப்படியே போடுறேன்:

1. மொசைக் உடைத்து அப்புறப்படுத்த: 1,180 ச.அ × 22 = 25,960
2. டைல்ஸ்: 1,300 ச.அ × 68 = 88,400
3. பதிக்கும் கூலி, சிமெண்ட், மணல் சேர்த்து: 1,180 ச.அ × 75 = 88,500
4. ஸ்கர்ட்டிங் (சுவரோட அடியில ஒட்டுற பட்டை): 310 ரன்னிங் அடி × 60 = 18,600
5. எபாக்ஸி (டைல்ஸ் இடைவெளியை நிரப்ப): 25 கிலோ × 550 = 13,750
6. இதர: 12,000

மொத்தம் 2,47,210. ஜிஎஸ்டி 18% தனி. 75 ரூபாய் ரேட் அதிகம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. 60-க்கு இறக்கிட்டா சரியா வருமா?

ரசமட்டம்:
ரேட்டை அப்புறம் பார்ப்போம் சார், முதல்ல அளவு. 1,180-ங்கிறது பில்டப். அதுல 9 அங்குலச் சுவரெல்லாம் அடக்கம், பாத்ரூமும் சிட்-அவுட்டும் அடக்கம். சுவருக்கு அடியில யாரும் டைல்ஸ் பதிக்கப் போறதில்லை. உடைக்கிற கூலி, பதிக்கிற கூலி ரெண்டையும் அந்த எண்ணால பெருக்கி வெச்சிருக்கார்.

டேப் எடுத்து ஒவ்வொரு ரூமையும் பூச்சுக்குப் பூச்சு உள் அளவு எடுங்க. நிலைக்கு நடுவுல வர்ற தரையைத் தனியா எழுதுங்க, கதவுக்கு ரெண்டு சதுர அடி வரும். ஸ்கர்ட்டிங்குக்குச் சுற்றளவு எடுக்கும்போது கதவுத் திறப்பு, சமையல் மேடைக்கு அடி, ஹாலும் டைனிங்கும் சேர்ற இடம் எல்லாத்தையும் கழிக்கணும். உள் கதவுன்னா ரெண்டு பக்கமும் கழியும், வாசல் கதவுன்னா ஒரு பக்கம்.

இன்னும் ரெண்டு கேள்வி. கலவை போட்டு சிமெண்ட் பால் (தண்ணியில கரைச்ச சிமெண்ட்) ஊத்திப் பதிக்கிறாரா, இல்ல தளம் போட்டுக் காயவெச்சு பசையில ஒட்டுறாரா? டைல்ஸுக்கு பிராண்ட், சீரிஸ், கிரேடு எழுதியிருக்காரா? இது தெரியாம 75 அதிகமா குறைச்சலான்னு யாராலயும் சொல்ல முடியாது.

உறையூர்வாசி:
அளந்துட்டேன். ஹால் 20×13, டைனிங் 12×10, பெரிய படுக்கையறை 12×13, சின்னது 11×12, சமையலறை 10×9, பூஜை 5×4, நடை 11×4. மொத்தம் 822. ஏழு கதவுக்கும் சேர்த்து 15. ஆக 837 சதுர அடி.

சுற்றளவு கூட்டினா 292 அடி. கதவுக்கு 36, ஹால்–டைனிங் திறப்புக்கு 20, மேடைக்கு 16 கழிச்சா 220.

டைல்ஸுக்கு பிராண்ட் எதுவும் எழுதலை. "குட் குவாலிட்டி"னு மட்டும் இருக்கு. எப்படிப் பதிப்பார்னு கேட்டேன், கலவையும் பாலும்தான்னார்.

கணக்குப்புள்ளை:
அளவு கிடைத்துவிட்டதால் கொட்டேஷனை வரிவரியாகப் போட்டுப் பார்க்கலாம். அவருடைய ரேட்டில் கை வைக்காமல் அளவை மட்டும் மாற்றுகிறேன்.

டைல்ஸ்: 2×4 என்று சொன்னாலும் நிஜ அளவு 600×1200 மி.மீ. பெட்டிக்கு இரண்டு கல் (டைல்ஸ்), 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. கடையில் 16 என்று கணக்குப் போடுவது வழக்கம். நேராகப் பதிக்க 8% சேதாரம் போதும்: 904 சதுர அடி, 59 பெட்டி. ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு கல்லை நீளவாக்கில் ஆறு பட்டையாக அறுக்கலாம். பிளேடு தின்பது போக ஒவ்வொன்றும் 98 மி.மீ. அகலம் நிற்கும். 4 அங்குலத்துக்கு நூல் அளவுதான் குறைவு. ஒரு கல்லுக்கு 23 அடிக்கு மேல் கிடைக்கும். 220 அடிக்கு உடைசலோடு 12 கல், 6 பெட்டி. பின்னாளில் ஒன்றிரண்டு உடைந்தால் மாற்ற 2 பெட்டி கையிருப்பு. மொத்தம் 67 பெட்டி. அவர் போட்ட 1,300 சதுர அடி என்பது 81 பெட்டிக்கு மேல்.

எபாக்ஸி: கல்லின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்து, கனத்தாலும் இடைவெளியாலும் (எல்லாம் மி.மீ.யில்) பெருக்கி, அடர்த்தி 1.7-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 9 மி.மீ. கனம், 2 மி.மீ. இடைவெளி என்றால் 0.077 கிலோ. 78 சதுர மீட்டருக்கு 6 கிலோ. 3 மி.மீ. இடைவெளி விட்டாலும் 9. சேதாரத்தோடு 10 கிலோ தாராளம். 25 கிலோ எபாக்ஸியை இந்த வீட்டில் ஊற்ற இடமே இல்லை.

இனி கூட்டல். உடைக்க 18,414. டைல்ஸ் 67 × 15.5 × 68 = 70,618. பதிக்க 62,775. ஸ்கர்ட்டிங் 13,200. எபாக்ஸி 5,500. இதர 12,000 அப்படியே. மொத்தம் 1,82,507.

ரேட்டில் ஒரு பைசா பேரம் பேசாமலே 64,703 ரூபாய் இறங்குகிறது. நீங்கள் கேட்டபடி 75-ஐ 60 ஆக்கி, 1,180-ஐ விட்டுவைத்திருந்தால் மிச்சம் 17,700 மட்டும்தான்.

தூக்குகுண்டு:
கணக்கு சரி. ஆனா ஒண்ணு சொல்லணும். பில்டப் அளவைப் போட்டவன் எல்லாம் ஏமாத்துறவன்னு எடுத்துக்காதீங்க. சில மேஸ்திரிங்க பில்டப்புக்குக் குறைஞ்ச ரேட் சொல்லுவாங்க, ஸ்கர்ட்டிங், நிலை, கட்டிங் எதுக்கும் தனியா கேட்க மாட்டாங்க. அதுவும் ஒரு முறைதான். இங்க பிரச்சினை என்னன்னா பில்டப் அளவும் போட்டு, ஸ்கர்ட்டிங்கும் தனியா போட்டு, ரேட்டும் உள் அளவு ரேட்டா இருக்கு.

ரெண்டு மூணு கொட்டேஷன் வாங்கினா ரேட்டை ஒப்பிடாதீங்க. மொத்தத் தொகையை உங்க 837-ஆல வகுங்க. இவரோடது சதுர அடிக்கு 295. மத்தவங்களோடதையும் இதே மாதிரி வகுத்துட்டு அப்புறம் பேசுங்க.

ஸ்கர்ட்டிங் 60-ஐயும் கேளுங்க. கல்லு ரெண்டாவது வரியிலயே வந்துடுச்சு. அப்ப இது வெறும் அறுக்கிற, ஒட்டுற கூலி. அதுக்கு 60 ஜாஸ்தி, பாதி போதும். கல்லும் சேர்த்து 60-ன்னா ரெண்டாவது வரியிலேர்ந்து 6 பெட்டியைக் கழிக்கணும்.

ரசமட்டம்:
75-ஐ இப்ப பிரிச்சுப் பார்க்கலாம்.

கலவை ஒன்றரை அங்குலம், 1:5 (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் அஞ்சு பங்கு)-ன்னு வெச்சா 837 சதுர அடிக்கு ஈரக்கலவை 105 கன அடி. உலர் அளவு 1.3 மடங்கு, 136. அதுல சிமெண்ட் பதினெட்டரை மூட்டை, எம்-சாண்ட் 113 கன அடி, அதாவது ஒரு யூனிட்டும் (100 கன அடி) கொஞ்சமும். சிமெண்ட் பாலுக்குச் சதுர மீட்டருக்கு 3.3 கிலோ வீதம் 5 மூட்டை. ஆக மொத்தம் 24 மூட்டை. மூட்டை 350, யூனிட் 6,500-ன்னு வெச்சா 16,000 பக்கம் வரும். சதுர அடிக்கு 19 ரூபாய்.

கூலி: 2×4 கல்லு ஒண்ணு 15 கிலோ. ஒரு கொத்தனாருக்கு ரெண்டு சித்தாள் வேணும். கொத்தனார் 1,200, சித்தாள் தலைக்கு 800-ன்னா நாளுக்கு 2,800. சுத்தமா வேலை செஞ்சா 80–100 சதுர அடி நகரும். சதுர அடிக்கு 31 விழுது. உங்க ஏரியா கூலி வேறயா இருந்தா அதைப் போட்டுக்குங்க. மேல கான்ட்ராக்டர் லாபம், கருவி தேய்மானம் 7–8 ரூபா. ஆக 57, 58-க்கு முடியணும்.

தூக்குகுண்டு:
ஒன்றரை அங்குலம் எங்கேர்ந்து வந்துச்சு அண்ணே? மொசைக்கும் அதோட அடிக்கலவையும் சேர்த்து ரெண்டரை அங்குலம் வெளிய வரும். புதுக் கல்லு முக்கால் அங்குலம்கூட இல்லை, வெறும் 9 மி.மீ. பழைய மட்டத்துக்கே தரை வரணும்னா நடுவுல ரெண்டு அங்குலத்துக்கு மேல நிரப்பணும். அப்ப சிமெண்ட் 26 மூட்டை, பாலுக்கு 5, மணல் 1.6 யூனிட். பொருள் செலவு மட்டும் சதுர அடிக்கு 25 தாண்டும். மத்திய பொதுப்பணித் துறை அட்டவணையில 20 மி.மீ. கலவைன்னு இருக்கும். அது மட்டமான தளத்துக்கு. உடைச்சுப்போட்ட தளத்துக்கு அதைக் காட்டி வாதாட முடியாது.

இவ்வளவு கனத்தை வெறும் கலவையால நிரப்புறதும் நல்லதில்லை. கீழ பேபி ஜல்லி கான்கிரீட் போட்டு ஏத்திட்டு மேல ஒரு அங்குலம் கலவை போடணும். அவர் எப்படி நிரப்பப் போறார்னு கொட்டேஷன்ல ஒரு வார்த்தை இல்லை. அதனால 75-ஐ அநியாயம்னு சொல்ல மாட்டேன். எதுக்கு 75-ன்னு தெரியலை, அவ்வளவுதான்.

ரசமட்டம்:
அது நியாயம். உடைக்கிற வேலைன்னா 64, 65 வரைக்கும் போகலாம்.

மூலமட்டம்:
மொசைக்கை உடைக்க வேண்டுமா என்பதையே யாரும் கேட்கவில்லையே?

உறையூர்வாசி, ஒரு மரக்கட்டையால் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. 'தொம்'மென்று கேட்கும் இடங்களில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். எங்காவது உப்புப் பூத்திருக்கிறதா, தரை உள்வாங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தரைத்தளம் என்பதால் கீழிருந்து ஈரம் ஏற வாய்ப்புண்டு. இவை எதுவும் இல்லையென்றால் மொசைக் மேலேயே பசையில் ஒட்டலாம். மேல் பாலிஷும் மெழுகும் போகும்வரை கிரைண்டரால் சுரண்டி, கழுவிக் காயவைத்து, 10 மி.மீ. பல் கரண்டியால் பசை இழுத்து, கல்லின் முதுகிலும் ஒரு பூச்சுக் கொடுத்து ஒட்ட வேண்டும். பசை வாங்கும்போது பழைய தரை மேல் ஒட்டலாம் என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் உடைக்கும் கூலி, இடிபாடு ஏற்றும் வண்டி, கலவை எல்லாம் மிச்சம். இரண்டரை அங்குலம் உடைத்தால் இடிபாடு உதிரியாக 240 கன அடிக்கு மேல் வரும், இரண்டரை யூனிட். அதை எங்கே கொட்டுகிறார்கள் என்பது தனிக் கதை.

பாதகமும் உண்டு. தரை அரை அங்குலத்துக்குச் சற்று மேல் உயரும். எல்லாக் கதவுகளையும் கீழே இழைக்க வேண்டும். தேக்குக் கதவுக்குப் பரவாயில்லை, கீழே இரும்புத் தகடு அடித்ததாக இருந்தால் சிரமம். மாடிப்படியின் முதல் படி மட்டும் உயரம் குறைந்து காலை இடறும். சுவரோடு பதித்த அலமாரிகளின் கீழ்க்கதவு திறக்குமா என்று முன்பே பாருங்கள்.

உறையூர்வாசி:
தட்டிப் பார்த்தேன். ஹால்ல ஜன்னல் பக்கம் ரெண்டு இடம், சின்ன படுக்கையறை பாதி 'தொம்'னுதான் கேக்குது. அந்த ரூம்ல வெள்ளையா உப்பும் இருக்கு.

மூலமட்டம்:
அப்படியானால் மேலே ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். உடைப்பதே சரி. உடைத்ததும் மண் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கிய பிறகே கான்கிரீட். உப்புப் பூத்த அறைக்குக் கான்கிரீட்டுக்கு அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பு போடச் சொல்லுங்கள். செலவு சொற்பம், பின்னால் போட முடியாது.

தூக்குகுண்டு:
முறைக்கு வருவோம். 2×4 ஜிவிடியைச் சிமெண்ட் பால்ல பதிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. விட்ரிஃபைட் கல்லு அரை சதவீதம்கூட தண்ணி குடிக்காது. பழைய செராமிக் கல்லு பாலை உறிஞ்சிப் பிடிக்கும், இது பிடிக்காது. மூலையில ரப்பர் சுத்தியல் அடிக்கும்போது பால் நடுவுல ஓடிடும், மூலைக்கு அடியில வெற்றிடம். கட்டில் கால் அங்க வந்து உட்கார்ந்தா மூலை பிளக்கும். எபாக்ஸி எவ்வளவு நல்லதா போட்டாலும் அதைக் காப்பாத்தாது.

தளம் போட்டு ஏழு நாள் தண்ணி கட்டி, காய்ஞ்சதும் ஐஎஸ் 15477 (டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்) டைப் 2 பசையில ஒட்டச் சொல்லுங்க. 20 கிலோ மூட்டை 3 மி.மீ. கனத்துக்கு 45 சதுர அடி வரும். உங்களுக்கு 19 மூட்டை. மூட்டை 500-ன்னா சதுர அடிக்கு 11 ரூபாய் கூடும். தளம் போடுற கூலி 12–15 தனி.

ரசமட்டம்:
அனுபவமுள்ள கொத்தனார் பால்லயும் சுத்தமா பதிப்பார், அதை மறுக்க முடியாது. 2×2 வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2×4, அதுக்கு மேலன்னா நானும் பசைதான் சொல்லுவேன்.

எந்த முறையா இருந்தாலும் 2 மி.மீ. ஸ்பேசர் (கல்லுக்குக் கல் இடைவெளி விட வைக்கிற துண்டு), சுவரோரம் 5–6 மி.மீ. இடைவெளி எழுதி வாங்குங்க. அந்த இடைவெளி ஸ்கர்ட்டிங்குக்கு அடியில மறைஞ்சிடும். கல்லோட கல்லை ஒட்டிப் பதிச்சு, சுவர்லயும் முட்ட வெச்சா ரெண்டு வருஷம் கழிச்சு ஹால் நடுவுல ஒரு வரிசை கூடாரம் மாதிரி கிளம்பும். கான்ட்ராக்டர் அப்ப போனை எடுக்க மாட்டார்.

உறையூர்வாசி:
அவர்கிட்ட பேசினேன். அளவை 840-ஆ ஒத்துக்கிட்டார், எபாக்ஸி 10 கிலோ. ஸ்கர்ட்டிங் 220 அடி × 35. ஆனா பதிக்கிற ரேட்டை 75-லேர்ந்து 88 ஆக்கிட்டார், "சின்ன ஏரியாவுக்குக் கட்டாது"ங்கிறார். ஜிஎஸ்டி கேட்டா "பில் வேணும்னா 18%, வேண்டாம்னா விட்டுடலாம்"னார். இதருக்கு விவரம் கேட்டேன், வண்டி வாடகை, ஏத்து இறக்கு கூலி, பிளேடுன்னார்.

கணக்குப்புள்ளை:
ஜிஎஸ்டி முதலில். பதிவு இல்லாதவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டம்) இருப்பவரும் பில்லில் வரியைத் தனியாகப் போட்டு வாங்கக் கூடாது. அவருடைய எண்ணைக் கேளுங்கள். எண்களும் எழுத்துகளுமாக 15 இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பெயரும் திட்டமும் தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த 68 வரி சேர்ந்த விலையா என்று பாருங்கள். டைல்ஸுக்கு 18% ஏற்கெனவே கடையில் கட்டியாகிவிடும். கடையில் பெரும்பாலும் வரி சேர்த்தே விலை சொல்வார்கள். அந்த விலை மேல் இவர் மறுபடி 18 போட்டால் 70,618-க்கு 12,700 கூடுதல். டைல்ஸை நீங்களே கடையில் வாங்கிவிடுங்கள். கான்ட்ராக்டருக்குக் கூலி, சிமெண்ட், மணல், பசை மட்டும். அப்போது வண்டி வாடகையைக் கடைக்காரரிடமே பேசலாம், 'இதர' பாதியாகக் குறையும். சிமெண்டுக்கு 22 செப்டம்பர் 2025 முதல் வரி 28-லிருந்து 18 ஆகிவிட்டது. பழைய சிமெண்ட் விலையில் கணக்குப் போட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

தூக்குகுண்டு:
88 எதுக்குன்னு எழுதச் சொல்லுங்க. இப்படிப் போட்டுப் பாருங்க: நிரப்புற பொருள் 23, பசை 11, தளக் கூலி 13, பதிக்கிற கூலி 31. 78 ஆச்சு. லாபம் 8–10. 86–88. அதாவது கான்கிரீட், தளம், பசை எல்லாம் உள்ள சேர்ந்திருந்தா 88 கொடுக்கலாம், குறைக்கச் சொல்லி அடம்பிடிச்சா பசையிலதான் கை வைப்பார். முன்ன சொன்ன மாதிரி வெறும் கலவை, பால்தான்னா 65-க்கு மேல ஒரு ரூபாயும் வேண்டாம்.

உறையூர்வாசி:
பசைக்கு ஒத்துக்கிட்டார், 88-லயே. அட்வான்ஸ் பாதி கேக்கறார். டைல்ஸ் வாங்கப் போகும்போது வேற என்ன பார்க்கணும்?

ரசமட்டம்:
டைல்ஸ் அவர் வாங்கப் போறதில்லைன்னா பாதி அட்வான்ஸுக்கு அர்த்தமே இல்லை. உடைக்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம், தளம் போட்டதும் ஒரு பங்கு, பதிக்கப் பதிக்க ரூம் கணக்குல. 10% நிறுத்தி வெச்சு, எபாக்ஸி போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லையும் நாலு மூலை, நடுன்னு தட்டிப் பார்த்து, 'தொம்'னு சத்தம் வர்ற கல்லை மாத்தின பிறகு கொடுங்க. எபாக்ஸி போட்டுட்டா கல்லைக் கழட்டுறது பெரிய பாடு. ரெண்டு கல்லு சேர்ற இடத்துல ஒரு நாணயத்தை நகர்த்துங்க, விளிம்புல இடிச்சு நிக்கக் கூடாது.

கணக்குப்புள்ளை:
கடையில்: பெட்டி மேல் 'பிரீமியம்' என்று கிரேடு அச்சிட்டிருக்க வேண்டும். 'ஸ்டாண்டர்ட்', 'கமர்ஷியல்' என்றிருந்தால் அதே டிசைன் மலிவாகவே கிடைக்கும், 68 கொடுக்கக் கூடாது. பெட்டி எடையைக் கேளுங்கள். 9 மி.மீ. கல் என்றால் 30 கிலோ பக்கம் இருக்கும். 27-க்குக் கீழே போனால் கனம் குறைந்த கல். விலையைச் சதுர அடியில் பேசாமல் பெட்டிக்கு எவ்வளவு என்று பேசுங்கள். 16 என்று கணக்கிட்டால் 67 பெட்டிக்கு 2,278 ரூபாய் கூடுதலாகப் போகும். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வண்டி வந்ததும் இறக்குவதற்கு முன்பே எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு பேட்ச் நாலைந்து பெட்டி கலந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள். கடையில் இருப்பு அதுதான் என்றால் அதைச் சின்ன படுக்கையறைக்கு ஒதுக்கிக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.